இலங்கைப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தைப் பிரிவிக் கவுன்சில் 1965இல் எந்த ஆதாரத்தில் செல்லாததாக்கியது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 1972 வரை நடைமுறையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் இலங்கைப் பாராளுமன்றம் இறைமையுள்ள சட்டமன்றமாக இருந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. நீதி அதிகாரம் நீதிமன்றங்களுக்கே உரியது என்று சொல்லும் வாசகம் எதுவும் அந்த அரசியலமைப்பில் இல்லை. அப்படியிருக்க, 1962ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தொடர்பாகப் பாராளுமன்றம் முறைப்படி நிறைவேற்றிய சட்டத்தை லண்டனில் இருந்த நீதிபதிகள் எப்படித் தள்ளுபடி செய்தார்கள்? அது வெள்ளைக்காரரின் தலையீடு அல்லவா? அந்தத் தீர்ப்புக்கு இன்று ஏதேனும் பெறுமதி உண்டா?

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு சொல்விளக்கம் மட்டும் முன்னால் சொல்லிவிட வேண்டும். இலங்கைத் தமிழில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது நாட்டின் தலைமை நீதிமன்றத்தைக் குறிக்கும்; இந்தியாவில் அதையே உச்ச நீதிமன்றம் என்கிறோம். 1971 வரை இலங்கையின் இறுதி மேன்முறையீடு அதற்கும் மேலே, லண்டனில் உள்ள பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. பழைய தமிழ் நூல்கள் அதைக் கோமறைக் கழகம் என்று எழுதும்.

முதலில் அந்த அரசியலமைப்பு எதைச் சொன்னது என்று பார்ப்போம். 1946ஆம் ஆண்டின் அரசாணையாக வந்து, 1947ஆம் ஆண்டின் சுதந்திரச் சட்டத்தால் முழுமை பெற்ற அந்த ஆவணத்தின் 29ஆம் பிரிவே சட்டவாக்க அதிகாரத்தின் ஊற்று. அதன் முதல் உட்பிரிவு, தீவின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்கும் வேண்டிய சட்டங்களை இயற்றும் அதிகாரத்தைப் பாராளுமன்றத்துக்கு வழங்குகிறது. இரண்டாவது உட்பிரிவு, எந்தச் சமயத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் தடை செய்யக் கூடாது, ஒரு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தையோ சலுகையையோ ஏற்படுத்தக் கூடாது என்று விலக்குகிறது. மூன்றாவது, அந்த விலக்கை மீறும் சட்டம் மீறிய அளவுக்குச் செல்லாது என்கிறது. நான்காவது, அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் பிரதிநிதிகள் சபையின் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், அதைச் சபாநாயகர் தம் கையொப்பத்தால் சான்றுப்படுத்த வேண்டும் என்கிறது. நீதித்துறை பற்றிய பகுதி தனியாக உண்டு. ஆனால் அது நீதிபதிகளை யார் நியமிப்பது, யார் நீக்குவது, கீழ்நிலை நீதிபதிகள் மீதான கட்டுப்பாடு நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு உரியது என்பவற்றோடு நின்றுவிடுகிறது. ‘நீதி அதிகாரம் இவர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது’ என்ற, அமெரிக்க, ஆஸ்திரேலிய அரசியலமைப்புகளில் காணப்படும் வாசகம் அதில் இல்லை. கேள்வியில் சொன்னது சரிதான்.

இந்த மௌனத்தின் பொருள் என்ன என்பதே வழக்கு.

1962 ஜனவரி 27ஆம் திகதி இரவு, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தைக் கவிழ்க்க இராணுவ, கடற்படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் வகுத்திருந்த திட்டம் அரங்கேறுவதற்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. ஒரு துப்பாக்கி வேட்டுக்கூடத் தீர்க்கப்படவில்லை. கைதுகள் தொடங்கின. பெப்ரவரி 13ஆம் திகதி அரசாங்கம் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. அதில் 13 பேரைச் சதிகாரர்கள் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, குற்றவாளிகளுக்குக் கடுமையான, பிறருக்குப் பாடமாக அமையும் தண்டனை விதிக்கப்பட வேண்டும் என்றும் எழுதியது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்ட வரிகள் அவை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் அவை அரசாங்கத்துக்கு எதிராகவே பயன்பட்டன.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 16ஆம் திகதி, 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் குற்றவியல் சட்ட (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. சட்ட வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் இந்தச் சட்டத்தை ஒருமுறையாவது முழுமையாக வாசிக்க வேண்டும்; ஒரு சட்டம் செய்யக் கூடாத காரியங்கள் ஏறத்தாழ அனைத்தும் அதில் ஒரே இடத்தில் கிடக்கின்றன. அது 1962 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்ததாகக் கருதப்பட வேண்டும் என்றது. அதாவது குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டது. பிடியாணை இல்லாமல் செய்த கைதுகளும் தடுத்துவைப்புகளும் நடந்து முடிந்த பின்னர் சட்டபூர்வமாக்கப்பட்டன. தண்டனைச் சட்டக்கோவையின் 115ஆம் பிரிவு விரிக்கப்பட்டு, சட்டத்துக்குப் புறம்பான வழியில் அரசாங்கத்தைக் கவிழ்க்கச் சதி செய்வது என்ற புதிய குற்றம் அதனுள் நுழைக்கப்பட்டது. தண்டனையைத் தீர்மானிப்பதில் நீதிபதிக்கு இருந்த தற்றுணிபு (தாமே முடிவெடுக்கும் உரிமை) நீக்கப்பட்டு, ஆகக் குறைந்த தண்டனை 10 ஆண்டுகள், அதோடு சொத்துப் பறிமுதல் கட்டாயம் என்றாயிற்று. பொலிஸ் காவலில் இருந்தபோது கொடுத்த வாக்குமூலங்கள், சாதாரணச் சாட்சியச் சட்டத்தின்படி ஏற்க முடியாதவை, ஏற்கத்தக்கவையாக்கப்பட்டன. யூரர் (ஜூரி) இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரிக்கலாம் என்பதும், அந்த மூவரை நீதி அமைச்சரே தெரிவு செய்யலாம் என்பதும் சேர்ந்தன.

இவை அனைத்தும் பொதுவான, இனிவரும் எல்லாக் காலத்துக்குமான சட்டமாக இருந்திருந்தால், கடுமையானவை என்று கண்டிக்கலாமே தவிர, செல்லாது என்று சொல்வது கடினமாக இருந்திருக்கும். ஆனால் அந்தச் சட்டம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்தது. அதன் முக்கிய ஏற்பாடுகள் 1962 ஜனவரி 27ஆம் திகதியன்றோ அதை ஒட்டியோ செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் குற்றங்களுக்கு மட்டுமே பொருந்தும், அவற்றின் வழக்குகள் முடிந்தவுடன் அற்றுப்போகும் என்று அதிலேயே எழுதியிருந்தது. இதே குற்றத்தை 1963இல் வேறொருவர் செய்தால் அவருக்குப் பழைய சட்டம்; இந்த 24 பேருக்கு மட்டும் புதிய சட்டம்.

‘லண்டன் தலையீடு’ என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முதல் அடி லண்டனில் விழவில்லை, கொழும்பில் விழுந்தது. 24 பேருக்கு எதிராக அரசின் தலைமை வழக்கறிஞரான சட்டமா அதிபர் வழக்குத் தொடுத்து, அமைச்சர் பெயர் குறித்த மூன்று உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஆயம் கூடியபோது, எதிரிகளின் (அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களின்) ஆட்சேபத்தை ஏற்று அந்த மூவருமே 1962 ஒக்டோபரில், தங்களைத் தெரிவு செய்ய அமைச்சருக்கு அளிக்கப்பட்ட அதிகாரம் நீதி அதிகாரத்தின் செயற்பாட்டில் தலையிடுவது, ஆகவே அரசியலமைப்புக்கு முரணானது, தங்களுக்கு நியாயாதிக்கம் (வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். தம்மைத் தெரிந்தெடுத்த அமைச்சரிடமே அந்தத் தெரிவுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி எழுந்து சென்ற ஆயங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. பாராளுமன்றம் உடனே, அதே ஆண்டு நவம்பரில், 31ஆம் இலக்கச் சட்டத்தால் அந்த அதிகாரத்தைப் பிரதம நீதியரசருக்கு மாற்றியது. மற்றவை அப்படியே இருந்தன. இன்னொரு ஆயமும் கலைந்து, மூன்றாவது ஆயம் 1963 ஜூனில் விசாரணையைத் தொடங்கி 1965 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. தண்டனை எல்லோருக்கும் ஒன்றே: 10 ஆண்டுகள் கடூழியச் சிறை, சொத்துப் பறிமுதல். சதியை வகுத்தவர்களையும் பின்னர் அதில் இழுக்கப்பட்டவர்களையும் வேறுபடுத்தித் தண்டிக்க விரும்பியிருப்போம், ஆனால் சட்டம் எங்கள் கையைக் கட்டிவிட்டது என்று தண்டித்த நீதிபதிகளே தீர்ப்பில் பதிவு செய்தார்கள். இந்த மாற்றங்கள் பின்னோக்கிச் செல்பவை மட்டுமல்ல, இந்த எதிரிகளுக்கென்றே செய்யப்பட்டவை என்றும் அவர்கள் எழுதினார்கள். இதற்கிடையே மார்ச் மாதப் பொதுத் தேர்தலில் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கம் தோற்று, டட்லி சேனநாயக்க ஆட்சிக்கு வந்திருந்தார்.

மேன்முறையீடு பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. முதல் எதிரியின் பெயரால் லியனகே வழக்கு என்று அறியப்படும் இதில் 1965 டிசம்பர் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது; அதை எழுதியவர் பியர்ஸ் பிரபு. எதிரிகள் தரப்பு இரண்டு வாதங்களை முன்வைத்தது. ஒன்று தோற்றது, ஒன்று வென்றது. தோற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முதலில் கவனிக்கத்தக்கதாகப் படுகிறது.

தோற்ற வாதம் இதுதான். இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அதிகாரத்தைக் கொடுத்தது பிரித்தானிய முடி, அதாவது பிரித்தானிய அரசர். அடிப்படை நீதிக் கோட்பாடுகளுக்கு மாறாகக் குடியேற்ற நாடொன்றுக்குச் சட்டம் இயற்ற முடிக்கே அதிகாரம் இல்லை என்று 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. இல்லாத அதிகாரத்தை எப்படிக் கொடுக்க முடியும்? ஆகவே இலங்கைப் பாராளுமன்றமும் அடிப்படை நீதிக்கு மாறாகச் சட்டம் இயற்ற முடியாது. கேட்பதற்கு அழகான வாதம். ஆனால் அதை ஏற்பதன் விளைவை யோசியுங்கள்: சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டின் பாராளுமன்றம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை, ஆங்கிலேயச் சட்டத்தின் ‘அடிப்படை நீதி’ என்ற, விளிம்புகள் தெளிவில்லாத அளவுகோலால் லண்டன் நீதிபதிகள் தீர்மானித்துக்கொண்டிருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் தென் ஆஸ்திரேலியாவில் நீதிபதி பூத்பி அந்தக் குடியேற்றத்தின் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆங்கிலச் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியதால் எழுந்த தொல்லையைத் தீர்க்கவே 1865இல் குடியேற்ற நாடுகளின் சட்டச் செல்லுபடிச் சட்டம் வந்தது. பிரிவிக் கவுன்சில் அந்த வரலாற்றைச் சுட்டி, 1946ஆம் ஆண்டு அரசாணையும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் சேர்ந்து இலங்கைக்குச் சுதந்திர நாடொன்றின் முழுமையான சட்டவாக்க அதிகாரத்தைக் கொடுத்துவிட்டன என்று தீர்த்தது. அதாவது, கேள்வியில் குறிப்பிட்ட தலையீட்டுக்கு வழி திறந்திருந்த வாதத்தை லண்டன் தானாகவே மூடியது.

வென்ற வாதம் வேறு வகையைச் சேர்ந்தது. அது இலங்கையின் அரசியலமைப்புக்கு உள்ளேயே எல்லையைத் தேடியது. தீவில் இன்றுள்ள நீதிமன்ற அமைப்பின் அடித்தளம், கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடுத்து வந்த 1833ஆம் ஆண்டின் நீதிப் பட்டயம். தீவின் குடியியல், குற்றவியல் நீதி நிருவாகம் முழுவதும் அந்தப் பட்டயத்தால் நிறுவப்பட்ட நீதிமன்றங்களிடம் மட்டுமே இருக்கும் என்று அது சொன்னது. 1946இல் அரசியலமைப்பை வரைந்தவர்கள் சட்டவாக்க சபையையும் நிறைவேற்றுத் துறையையும் புதிதாகப் படைத்தார்கள். ஆகவே அவற்றுக்கு அதிகாரம் கொடுக்கும் வாசகங்கள் தேவைப்பட்டன. நீதிமன்றங்களை அவர்கள் படைக்கவில்லை. அவை நூறாண்டுகளுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றிடம் இருந்த அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை ‘கொடுக்க’ வேண்டிய தேவை எழவில்லை. எனவே மௌனத்தின் பொருள், அந்த அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பதுதான். நீதிபதிகளின் பதவிக்குக் கொடுத்த பாதுகாப்பும், அரசியல்வாதிகளின் கை படாமல் நீதிச் சேவை ஆணைக்குழுவை அமைத்த விதமும் இந்த எண்ணத்தையே காட்டுகின்றன. நீதித்துறையை இவ்வளவு கவனமாக வேலியிட்டுவிட்டு, அதன் வேலையைப் பாராளுமன்றமே எடுத்துச் செய்யலாம் என்று விட்டிருப்பார்களா?

பாராளுமன்றம் சட்டம்தானே இயற்றியது, தீர்ப்பா சொன்னது என்று கேட்கலாம். இங்கே ஆங்கிலேய வரலாற்றின் ஒரு பழைய நோய் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாத ஒருவரைப் பாராளுமன்றமே ஒரு சட்டத்தின் மூலம் குற்றவாளி என்று அறிவித்துத் தண்டிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. 1697இல் தலை துண்டிக்கப்பட்ட சேர் ஜோன் ஃபென்விக்கின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: இராஜத்துரோகத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்று சட்டம் அப்போதுதான் வந்திருந்தது, இரண்டு சாட்சிகளில் ஒருவர் நாட்டைவிட்டு மறைந்துவிட்டார், வழக்கு நிற்காது என்று தெரிந்ததும் பாராளுமன்றம் அவருடைய பெயரைச் சொல்லி ஒரு சட்டத்தை இயற்றி அவரைக் கொன்றது. அமெரிக்கர்கள் 1787இல் தங்கள் அரசியலமைப்பில் இவ்வகைச் சட்டங்களை வெளிப்படையாகத் தடை செய்தது இந்த அனுபவத்தால்தான். குறிப்பிட்ட ஒருவரின் சொத்தைப் பறிக்கவும் அவரைத் துரோகி என்று அறிவிக்கவும் இயற்றப்படுவது, சமூகம் முழுவதற்கும் பொதுவான விதியாக இல்லாததால், சட்டம் என்ற சொல்லுக்கே பொருந்தாது என்று 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதியிருந்ததைப் பியர்ஸ் பிரபு எடுத்துக்காட்டினார்.

1962ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்கவில்லை, விசாரணையும் நடந்தது. ஆனால் குற்றத்தின் வரைவிலக்கணத்தையும் சாட்சிய விதிகளையும் தண்டனையின் அளவையும், ஏற்கெனவே சிறையில் இருக்கும் குறிப்பிட்ட சிலருக்காகப் பின்னோக்கி மாற்றிவிட்டால், நீதிபதிக்கு மிஞ்சுவது கையொப்பமிடும் வேலைதான். இந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் தற்காத்துவிடலாம். வெள்ளை அறிக்கையையும் சேர்த்து ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, குறிப்பிட்ட மனிதர்கள் தண்டிக்கப்படுவதை உறுதிசெய்து அவர்களின் தண்டனையைக் கூட்டுவதே நோக்கமான ஒரு திட்டமாக அவை தெரிந்தன. நெருக்கடி பெரிது என்பதைப் பிரிவிக் கவுன்சில் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை அனுமதித்தால் அதைவிடச் சிறிய நெருக்கடியிலும் அதே காரியம் செய்யப்படும், அவ்வாறு நீதி அதிகாரம் அரித்துப்போகும் என்றது. இரண்டு சட்டங்களும் செல்லாதவை என்றாயின. 11 பேரின் தண்டனைகளும் நீக்கப்பட்டன. பாராளுமன்ற ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாகத் தண்டிக்கப்பட்டவர்களே பாராளுமன்றத்தின் எல்லையை வரையறுத்த வழக்கின் வெற்றியாளர்கள் ஆனார்கள் என்பது பலருக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும்.

தீர்ப்பு சொல்லாததையும் கவனிக்க வேண்டும். பின்னோக்கிச் செல்லும் சட்டங்கள் எல்லாம் செல்லாது என்று அது சொல்லவில்லை. குறிப்பிட்ட நபர்களைப் பாதிக்கும் சட்டங்கள் எல்லாம் செல்லாது என்றும் சொல்லவில்லை. சட்டத்தின் உண்மையான நோக்கம், அது எழுந்த சூழல், பல ஏற்பாடுகளுக்கு இடையே பொதுத் திட்டம் ஒன்று உண்டா என்பது, குறிப்பிட்ட வழக்கொன்றில் நீதிபதியின் தற்றுணிபை அது எந்த அளவுக்குக் கட்டுகிறது என்பது ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு வழக்கும் தனித்தனியாகத் தீர்க்கப்பட வேண்டும் என்றது.

இந்தக் கோடு நடைமுறையில் எங்கே விழும் என்பதற்குத் தமிழ்நாட்டு வாசகர்கள் நன்கறிந்த இரண்டு விடயங்கள் உதவும். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தை 142 அடி வரை உயர்த்தலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சில வாரங்களுக்குள் கேரளச் சட்டமன்றம் தன் பாசனச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச மட்டம் 136 அடி என்று எழுதிவைத்தது. 2014 மே 7ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. அணை பாதுகாப்பானதா என்ற உண்மைக் கேள்வியை நீதிமன்றம் விசாரித்துத் தீர்த்த பிறகு, அதே கேள்விக்குச் சட்டமன்றம் வேறு விடையை எழுதுவது தீர்ப்பைத் திருத்தும் வேலை, சட்டம் இயற்றும் வேலை அல்ல. ஜல்லிக்கட்டில் நடந்தது வேறு. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மிருகவதைத் தடுப்புச் சட்டம் அன்றிருந்த நிலையை வைத்து ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017இல் தமிழ்நாடு, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு, அந்தச் சட்டத்தையே தன் எல்லைக்குள் திருத்தியது. அது தீர்ப்பின் அடிப்படையை மாற்றியது, தீர்ப்பை மறுக்கவில்லை என்று 2023 மே 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றது. விதியை மாற்றலாம், விடையை மாற்ற முடியாது. இந்தியாவிலும் இந்த எல்லை அரசியலமைப்பில் ஒரு வரியாக எழுதப்பட்டதல்ல. அதன் கட்டமைப்பிலிருந்து நீதிமன்றம் வருவித்ததுதான்.

மீண்டும் இலங்கைக்கு. லியனகே தீர்ப்பைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்வது, தமிழில் எழுதும் ஒருவருக்கு அவ்வளவு எளிதல்ல. சட்டத்தின் முகத்தை மட்டும் பார்க்காமல் அதன் பின்னால் உள்ள திட்டத்தைப் பார்க்க வேண்டும் என்ற வாதம் 1965இல் புதிதாக எழுந்தது அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், வாக்குரிமையைக் குடியுரிமையோடு பிணைத்த 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தபோது, கோடகன் பிள்ளை வழக்கில் இதே வாதம் பிரிவிக் கவுன்சிலின் முன் வைக்கப்பட்டது. இரண்டு சட்டங்களிலும் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் இல்லை. ஆனால் அவற்றைச் சேர்த்து வாசித்தால் ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் திட்டம் தெரிகிறது, அது 29(2)ஆம் பிரிவுக்கு முரண் என்பது வாதம். நேர்முகமாகச் செய்ய முடியாததைச் சுற்றுவழியில் செய்தாலும் செல்லாது என்ற கோட்பாட்டை 1953இல் பிரிவிக் கவுன்சில் ஏற்றது. ஏற்றுவிட்டு, தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்தச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை, இங்கே அத்தகைய திட்டம் நிரூபிக்கப்படவில்லை என்று மேன்முறையீட்டைத் தள்ளியது.

இரண்டு வழக்குகளுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு திகதியைக் குறிப்பிட்டுத் தன் நோக்கத்தைத் தானே ஒப்புக்கொண்டது, 1948–49ஆம் ஆண்டுச் சட்டங்கள் பொது மொழியில் எழுதப்பட்டிருந்தன. இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்களுக்குக் குடியுரிமை வழங்க 1949இல் வந்த இன்னொரு சட்டத்தையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள். ஆனாலும் 11 அதிகாரிகளுக்காக வெள்ளை அறிக்கை வரை தேடிச் சென்று நோக்கத்தைக் கண்டறிந்த அதே மன்றம், ஒரு சமூகம் முழுவதும் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்துபோனதை அந்தக் கூர்மையோடு பார்க்கவில்லை என்பதே என் கருத்து.

தீர்ப்பின் பலவீனமும் அதன் பலத்தைப் போலவே மௌனத்தில் இருந்து பிறந்தது. லியனகே தீர்ப்பு வரைந்த எல்லை, சாதாரணப் பெரும்பான்மையால் இயற்றப்படும் சட்டத்துக்கு மட்டுமே. அதற்கு முந்தைய ஆண்டு, இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கில், சட்டம் இயற்றுவதற்கு அரசியலமைப்பு விதித்துள்ள நிபந்தனைகளைப் புறக்கணிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதே பியர்ஸ் பிரபு எழுதியிருந்தார்; அங்கே குறையாக இருந்தது மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கான சபாநாயகரின் சான்று. 1962ஆம் ஆண்டுச் சட்டங்களும் அந்தச் சான்று இல்லாதவையே. அந்தப் பெரும்பான்மை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி திறந்தே கிடந்தது. 29(2)ஆம் பிரிவு குடிமக்கள் தமக்குள் ஏற்றுக்கொண்ட உடன்பாட்டின் அடிப்படை, அது மாற்ற முடியாதது என்று ரணசிங்க தீர்ப்பு போகிற போக்கில் சொன்னது; ஆனால் அது தீர்ப்பின் முடிவுக்குத் தேவையான கூற்று அல்ல என்பதால் யாரையும் கட்டவில்லை.

கட்டாததை 1972 காட்டியது. இடையில் கோடீஸ்வரன் வழக்கு வருகிறது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்ச்சி நிறுத்தப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் ஒருவர், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரச கரும மொழிச் சட்டமே 29(2)ஆம் பிரிவின்படி செல்லாது என்று வழக்கிட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் சொன்னதை ஏற்றது. உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக் கேள்விக்குள் போகாமல், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்கிட முடியாது என்று கூறி 1967இல் அதைப் புரட்டியது. 1969இல் பிரிவிக் கவுன்சில், வழக்கிட முடியும், ஆகவே மொழிச் சட்டம் செல்லுமா என்பதைத் தீர்மானியுங்கள் என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. அது தீர்மானிக்கப்படவே இல்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு அரசியலமைப்பு 29ஆம் பிரிவைத் திருத்தவில்லை. அந்த ஆவணத்தையே கைவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. தேசிய அரசுப் பேரவை (புதிய சட்டமன்றத்தின் பெயர்) அரச அதிகாரத்தின் அதியுயர் கருவி என்றும், நீதி அதிகாரத்தையும் அதுவே நீதிமன்றங்கள் வாயிலாகப் பிரயோகிக்கிறது என்றும், இயற்றப்பட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்விக்கு உட்படுத்தக் கூடாது என்றும் எழுதப்பட்டது. பிரிவிக் கவுன்சில் எந்த மௌனத்தில் எல்லையைக் கண்டதோ, அந்த மௌனம் சொற்களால் நிரப்பப்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் கைதான இளைஞர்களை விசாரிக்க 1972இல் அமைந்த குற்றவியல் நீதி ஆணைக்குழுக்களில், காவலில் கொடுத்த வாக்குமூலம் ஏற்கப்பட்டது, மேன்முறையீடு கிடையாது. அந்தச் சட்டம் 1977இல் நீக்கப்படும் வரை இருந்தது.

இறுதியாக, இன்றைய நிலை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4(இ) உறுப்புரை, மக்களின் நீதி அதிகாரம் நீதிமன்றங்கள் மூலம் பாராளுமன்றத்தால் பிரயோகிக்கப்படும் என்கிறது. 80(3) உறுப்புரை, சட்டமூலம் (மசோதா) சட்டமான பின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கக் கூடாது என்கிறது. சட்டமூலமாக இருக்கும்போது குறுகிய கால எல்லைக்குள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அந்தக் கட்டத்தில் லியனகேயின் சிந்தனை இன்னும் உயிரோடிருக்கிறது. பாராளுமன்றத்தைக் கலைக்கும் சனாதிபதியின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முனைந்த சட்டமூலம் பற்றிய 2002ஆம் ஆண்டுத் தீர்மானத்தில், மூன்று அதிகாரங்களுக்கும் இடையிலான சமநிலையை 3ஆம், 4ஆம் உறுப்புரைகளிலேயே உயர் நீதிமன்றம் கண்டது. குற்றச் செயலைப் பின்னோக்கி உருவாக்குவதற்கு எதிரான பாதுகாப்பும் 13(6) உறுப்புரையில், ஒரு விலக்கோடு, இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்த நாட்கள் கடந்து சபாநாயகர் கையொப்பமிட்டுவிட்டால் கதவு மூடிவிடும்.

மூடிய கதவுக்குப் பின்னால் இருப்பவற்றில் ஒன்று 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று ஆண்டுகளுக்கென்று இயற்றப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கச் சொல்கிறது; அது சுயவிருப்பில் கொடுக்கப்பட்டதல்ல என்று காட்டும் பொறுப்பு எதிரியின் தலையில் விழுகிறது. 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாட்சிய ஏற்பாட்டோடு இதற்குள்ள உறவு வெளிப்படை. அது குறிப்பிட்ட நபர்களைக் குறிவைக்காத பொதுச் சட்டம் என்பதால், லியனகே தீர்ப்பின் அளவுகோலை வைத்தாலும் அது செல்லாது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் இலங்கையில் அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்படி கேட்கவே இப்போது எந்த நீதிமன்றமும் இல்லை.